கடற்பனியைக் கீழிருந்து கரைக்கும் வெப்பம்

ஆர்க்டிக் கடற்பனி கோடையில் உருகுவதற்குச் சூடேறிய காற்றையே நாம் காரணமாகக் கருதுகின்றோம். ஆனால், கடல்நீரின் வெப்பமும் அதனைக் கீழிருந்து கரைக்கின்றது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

வெண்பனி சூரிய ஒளியின் பெரும்பகுதியைத் திருப்பியனுப்புகின்றது. பனியகன்ற கருநீரோ 90 வீதத்துக்கும் அதிகமானதை உறிஞ்சிக்கொள்கின்றது. கோடையில் பெரிங் நீரிணையூடாக வரும் பசுபிக் நீரும் வெப்பத்தைச் சுமந்து வருகின்றது. இவ்வெப்பம் தணியும்வரை கடல் மீண்டும் உறைவதில்லை. பிந்தி உறையும் பனி தடிப்பதற்குப் போதிய காலமில்லை. அடுத்த கோடையில் அது விரைவில் உருகிவிடுகின்றது.

2012 செப்டெம்பரில் கடற்பனிப் பரப்பு சுமார் 34 இலட்சம் சதுர கிலோமீற்றராகச் சுருங்கியது. செய்மதிப் பதிவுகள் தொடங்கிய 1979 முதல் அவ்வளவு குறைந்த பரப்பு அதற்கு முன்னர் காணப்பட்டதில்லை.

பனிமீது பயணித்து வேட்டையாடும் இனுயிட் மக்களுக்கு மெல்லிய பனி உயிராபத்தாகும். வெப்பத்தை வளர்க்கும் வாயுக்களைப் பெருமளவில் வெளியேற்றியவர்கள் அவர்களல்லர் என்பதையும் நாம் இங்கு சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது.