ஒரு சொட்டு எண்ணெய் சொல்லும் எச்சரிக்கை

காலையில் வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளை நகர்த்தும்போது, அது நின்ற இடத்தில் நாலணா அகலத்திற்கு ஓர் எண்ணெய்க் கறை தெரிகிறது. காலால் மண்ணைத் தள்ளி அதனை மூடிவிட்டுப் புறப்படுவோர்தாம் நம்மில் பலர். வெம்பக்கோட்டை வட்டத்துத் தாயில்பட்டியில் வசிக்கும் என் மச்சானும் இரண்டு மாதங்கள் அவ்வாறே ஓட்டினார். நாள்தோறும் சிவகாசிக்கு வேலைக்குச் செல்வதும், மாலையில் மகளை அழைத்து வருவதும் அந்த வண்டியில்தான்.

ஒரு நாள் மாலை, வளைவு ஒன்றில் பின்சக்கரம் வழுக்கிற்று. இருவருக்கும் காயமில்லை. இறங்கிப் பார்த்தபோது பின் டயரின் ஓரம் முழுவதும் எண்ணெய் படிந்திருந்தது. பட்டறை ஒன்றில் காட்டினார். எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்று சில ஆயிரம் ரூபாய் செலவு சொன்னார்கள். மனம் கலங்கியவர், அனுபவம் மிக்க வேறொரு மெக்கானிக்கிடம் சென்றார்.

“எஞ்சினே போயிருச்சா அண்ணாச்சி?”

“அவசரப்படாதீங்க தம்பி. மொதல்ல கழுவித் தொடைப்போம். எங்கேயிருந்து வருதுன்னு தெரியாம எதையும் பிரிக்கக் கூடாது.”

அந்த ஒரு சொல்லே வீண் செலவைத் தடுத்தது.

கசிவு எங்கிருந்து?

எஞ்சினின் ஆற்றலைச் சங்கிலிக்குக் கொடுக்கும் சிறிய பல்சக்கரமே முன் ஸ்பிராக்கெட். அது பொருந்தியுள்ள தண்டு, கியர் பெட்டியிலிருந்து வெளியே நீண்டிருக்கும். தண்டு சுழல வேண்டும். உள்ளிருக்கும் எண்ணெயோ வெளியேறக் கூடாது. இவ்விரண்டையும் காப்பது, தண்டைச் சுற்றி அமைந்த ஆயில் சீல் என்னும் ரப்பர் வளையம். அதன் உதட்டை ஒரு மெல்லிய சுருள்கம்பி தண்டோடு அணைத்துப் பிடித்திருக்கும்.

இவ்வகைச் சீலின் வரலாறு தோல் தொழிலோடு பிணைந்தது. ஜெர்மனியின் ஃப்ராய்டன்பெர்க் தோல் பதனிடும் நிறுவனத்தில் வால்டர் சிம்மர் என்னும் பொறியாளர் 1929-இல் இதனை உருவாக்கியபோது, அதன் உதடு தோலால் ஆனதாகவே இருந்தது. செயற்கை ரப்பர் பின்னரே வந்தது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் தொழிலில் தலைமுறைகளைக் கழித்த நம் குடும்பங்களுக்கு இச்செய்தி சுவையூட்டும்.

சங்கிலிக்கு இட்ட எண்ணெய் வழிந்தாலும், கியர் மிதிக்கும் தண்டின் சீல் பழுதானாலும் கறை ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் விழும். ஆகவே அப்பகுதியை நன்கு கழுவி உலர்த்தி, முகப்பவுடரைத் தூவிச் சிறிது தூரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் பழுது.

அலட்சியத்தின் விலை

1985-இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்தபின் நம் நாட்டில் பெருகிய நான்கு ஸ்ட்ரோக் 100 சிசி வண்டிகளில், எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் கியர் பெட்டிக்கும் ஒரே எண்ணெய்தான். அதன் அளவும் ஏறத்தாழ ஒரு லிட்டரே. சொட்டுச் சொட்டாக அது குறைந்தால், ஒரு நாள் பிஸ்டன் இறுகி எஞ்சின் நின்றுவிடும். வெளியேறும் எண்ணெயைச் சங்கிலி பின்சக்கரத்தின்மேல் இறைப்பது மற்றோர் ஆபத்து.

மாற்றும் முறை

எண்ணெய் மாற்றும் நாளில் இவ்வேலையையும் செய்வது சிக்கனம். பழைய எண்ணெயை வடித்தபின், கியர் மிதியையும் இடப்பக்க மூடியையும் கழற்ற வேண்டும். சங்கிலி மாட்டியிருக்கும்போதே கியரில் போட்டு, ஒருவர் பின் பிரேக்கை அழுத்திக்கொள்ள, மற்றவர் ஸ்பிராக்கெட்டின் போல்ட்டுகளைத் தளர்த்தலாம். பிறகு சங்கிலியின் பூட்டைக் கழற்றி, ஸ்பிராக்கெட்டை வெளியே எடுக்க வேண்டும்.

பழைய சீல் எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்று பார்த்துக்கொண்டு, அதனை மெல்ல நெம்பி எடுக்க வேண்டும். தண்டிலோ அலுமினியக் கூட்டிலோ கீறல் விழுந்தால் புதிய சீலும் கசியும். தண்டில் சீல் உராய்ந்து பள்ளம் விழுந்துள்ளதா என்று நகத்தால் தடவிப் பார்ப்பதும், தண்டை மேலும் கீழும் அசைத்துப் பார்ப்பதும் அவசியம். ஆட்டம் மிகுந்திருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. அப்போதுதான் எஞ்சினைப் பிரிக்கும் தேவை எழும். சில வண்டிகளில் சீலின் விளிம்பு கூட்டின் உட்புறம் பூட்டப்பட்டிருக்கும்; அவற்றிலும் பிரித்தே ஆக வேண்டும்.

புதிய சீலின் உதட்டில் சிறிது கிரீஸ் தடவி, சுருள்கம்பி உள்ள பக்கம் எஞ்சினை நோக்கி இருக்குமாறு வைக்க வேண்டும். சீலின் வெளி அளவுக்கு ஒத்த குழாய்த் துண்டை அதன்மேல் வைத்து, நேராகவும் சீராகவும் அழுத்த வேண்டும். சங்கிலிப் பூட்டின் மூடிய முனை, சங்கிலி ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும். இறுதியில் புதிய எண்ணெயைக் குறித்த அளவுக்கு ஊற்றுங்கள்.

சீல் ஏன் கெட்டது என்பதையும் ஆராயுங்கள். அளவுக்கு மீறி இறுக்கிய சங்கிலி தண்டையும் பேரிங்கையும் வதைக்கும். எஞ்சினின் காற்றுப்போக்குக் குழாய் அடைபட்டால், உள்ளே அழுத்தம் கூடி எண்ணெயைச் சீலின் வழியே தள்ளும். இவற்றைச் சரிசெய்யாமல் சீலை மட்டும் மாற்றினால் கறை மீண்டும் வரும்.

பட்டாசு ஊருக்கு ஒரு தனிச்சொல்

தாயில்பட்டி போன்ற ஊர்களில் வேலை முடிந்து வருவோரின் உடையில் பட்டாசு மருந்தின் தூசி படிந்திருக்கக் கூடும். உராய்வும் தட்டலும் மருந்துக்குப் பகை. எனவே குளித்து உடை மாற்றிய பின்னரே சுத்தியலையும் ஸ்பேனரையும் தொட வேண்டும். பெட்ரோலால் பாகங்களைக் கழுவும் பழக்கத்தையும் விட்டொழிப்பது நலம். அடுப்பும் பீடியும் அண்டாத திறந்தவெளியே இதற்குரிய இடம்.

மச்சானின் வண்டிக்குச் சீலும் எண்ணெயும் ஒரு மாலை நேர உழைப்புமே செலவாயின. தண்டிலும் பேரிங்கிலும் பழுதில்லை. இப்போது அவர் நாள்தோறும் காலையில் வண்டியை நகர்த்தியதும் குனிந்து தரையைப் பார்க்கிறார். “அத்தா, இன்னைக்குத் தரை சுத்தமா இருக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் மகள் பின்னால் ஏறி அமர்கிறாள்.