அண்ணனுக்கு வந்தால் தம்பிக்கும் வருமா?

உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி ஐன்ஸ்டீன் எப்படி இறந்தார் தெரியுமா?

மாரடைப்பு அல்ல. புற்றுநோயும் அல்ல. வயிற்றுக்குள் இருந்த பெரிய ரத்தக் குழாய் வெடித்துவிட்டது! 1955-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி அதிகாலை, அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகர ஆஸ்பத்திரியில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 76.

குழாய் வீங்கி இருப்பது அவருக்கு முன்பே தெரியும். 1948-ல் ருடால்ப் நிஸ்ஸன் என்ற டாக்டர் நியூயார்க்கில் அவருக்கு ஆபரேஷன் செய்தார். வீங்கிய பகுதியை எடுத்துவிட்டு வேறு குழாய் வைக்கும் முறை அன்று கிடையாது. ஆகவே வீக்கத்தின் மேல் "செலபேன்" தாளைச் சுற்றினார். ஆம், பளபளவென்று இருக்குமே, அந்தக் கண்ணாடித் தாள்தான்! தாள் உறுத்த உறுத்தத் தழும்பு படிந்து, குழாய் கெட்டிப்படும் என்பது கணக்கு. ஐன்ஸ்டீன் மேலும் 6 ஆண்டுகள் வாழ்ந்தார். 1955-ல் வலி வந்தபோது, மறுபடி ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள். அவர் மறுத்துவிட்டார்.

சைக்கிள் டியூப் போல

இதயத்தில் இருந்து ரத்தத்தை உடம்பு முழுவதற்கும் கொண்டு போகும் தலைமைக் குழாய் இது. பெருந்தமனி என்று பெயர். மார்பு வழியாக இறங்கி, முதுகெலும்பை ஒட்டி வயிற்றுக்குள் வந்து, தொப்புள் அருகே இரண்டாகப் பிரிகிறது. வயிற்றுக்குள் அதன் அகலம் சுமார் 2 சென்டிமீட்டர். வயதான காலத்தில் சிலருக்கு இதன் சுவர் தளர்ந்து, பழைய சைக்கிள் டியூப் போல ஓரிடத்தில் புடைக்கிறது. 3 சென்டிமீட்டரை எட்டினால் அது வியாதி.

பெரும்பாலும் வலி இராது. காய்ச்சல் இராது. அதுதான் ஆபத்து! வெடித்துவிட்டால் 10 பேரில் 8 பேர் பிழைப்பது இல்லை.

65 வயது தாண்டிய ஆண்களுக்கே இது அதிகம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு மிக அதிகம். பெண்களுக்குக் குறைவு. ஆனால் வந்தால், சிறிய அளவிலேயே வெடித்துவிடக்கூடும். ஒரு வேடிக்கை: சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இது குறைவாகவே வருகிறது! அதற்காக யாரும் சர்க்கரை வியாதியை வரவழைத்துக் கொள்ள வேண்டாம்.

3 சகோதரர்கள்

1977-ல் இங்கிலாந்து மருத்துவப் பத்திரிகை ஒன்றில் ஒரு செய்தி வெளிவந்தது. கூடப் பிறந்த சகோதரர்கள் 3 பேர். மூவருக்குமே குழாய் வெடித்தது! இது குடும்பத்தில் ஓடும் வியாதியோ என்ற கேள்வி பெரிதாக எழுந்தது.

சுவீடன் நாட்டில் ஆராய்ந்து பார்த்தார்கள். தாய், தந்தை, உடன்பிறந்தார் ஆகியோரில் ஒருவருக்கு இருந்தால், மற்றவருக்கு வரும் வாய்ப்பு சுமார் 2 மடங்கு. ஒரே அச்சில் வார்த்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால், மற்றவருக்கு 71 மடங்கு!

இதைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம். இங்கிலாந்தில் 65 வயது ஆண்களைச் சோதித்ததில், சுமார் 100 பேரில் ஒருவருக்குத்தான் வீக்கம் இருந்தது. 2 மடங்கு ஆனாலும் பெரும்பாலோருக்கு வராது. ஆனால் சோதித்துப் பார்ப்பது எளிது.

ஊசி இல்லை, கத்தி இல்லை

கர்ப்பிணிப் பெண்களுக்குச் செய்கிறார்களே, அதே ஸ்கேன்தான். வயிற்றில் பசை தடவி, கருவியை வைத்துப் பார்க்கிறார்கள். சுமார் 10 நிமிடம். ஊசி கிடையாது.

இதனால் பலன் உண்டா? இங்கிலாந்தில் 65 முதல் 74 வயது வரை உள்ள 67,800 ஆண்களைக் கொண்டு சோதித்தார்கள். பாதிப் பேரை ஸ்கேனுக்கு அழைத்தார்கள். மீதிப் பேரை அழைக்கவில்லை. 2002-ல் முடிவு வந்தது. சுமார் 4 ஆண்டுகளில், அழைக்கப்படாதவர்களில் 113 பேர் இந்த வியாதிக்குப் பலியானார்கள். அழைக்கப்பட்டவர்களில் 65 பேர்தான்! 2009-ல் அங்கு அரசே திட்டம் தொடங்கியது. 65 வயதாகும் ஆண்களின் வீட்டுக்கு அழைப்புக் கடிதம் வரும்.

வீக்கம் இருந்தால் உடனே கத்தி எடுப்பது இல்லை. ஆபரேஷனிலும் ஆபத்து உண்டு அல்லவா? சிறியதாக இருந்தால் ஆண்டுக்கு ஒரு முறை பார்ப்பார்கள். 4.5 சென்டிமீட்டர் ஆனால் 3 மாதத்துக்கு ஒரு முறை. 5.5-ஐ எட்டினால்தான் பெரும்பாலும் ஆபரேஷன். துணியால் ஆன குழாயை வைத்துத் தைப்பார்கள். 1950-களில் அமெரிக்க டாக்டர் டிபேக்கி, டெக்ரான் துணியை வாங்கி, தம் மனைவியின் தையல் மெஷினிலேயே இந்தக் குழாயைத் தைத்தார்! 1990-ல் அர்ஜென்டினா டாக்டர் பரோடி, வயிற்றைக் கிழிக்காமல், தொடை இடுக்கு வழியாகவே குழாயைச் செலுத்தினார்.

யாருக்குச் சொல்வது?

அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இந்த வீக்கம் இருந்தால், அது கண்டுபிடிக்கப்பட்ட வயதுக்கு 5 ஆண்டு முன்பே மற்றவர் ஸ்கேன் செய்துகொள்ளலாம் என்கிறது இங்கிலாந்து அரசு மருத்துவத்துறை. அண்ணனுக்கு 63-ல் தெரிந்தால், தம்பி 58-ல் பார்க்க வேண்டும். ஐரோப்பிய டாக்டர்கள் சங்கம் 2019-ல், இப்படிப்பட்ட குடும்பத்தில் 50 வயதான ஆண், பெண் இருவருக்கும் ஸ்கேன் செய்ய யோசிக்கலாம் என்றது.

சிக்கல் எங்கே என்றால், சொல்லுவதில்தான். சொத்துத் தகராறில் முகம் பார்க்காத அண்ணன் தம்பி எத்தனை பேர்! நிலத்தைப் பிரித்துக் கொள்ளலாம். ரத்தத்தைப் பிரிக்க முடியாதே. வீக்கம் எத்தனை சென்டிமீட்டர், எந்த வயதில் தெரிந்தது என்று ஒரு தாளில் எழுதி, உடன்பிறந்தாருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுங்கள். அவர்கள் அதை டாக்டரிடம் காட்டட்டும்.

வீக்கம் உள்ளவருக்கோ, அவரைச் சேர்ந்தவருக்கோ வயிற்றிலோ முதுகிலோ திடீரென்று கடும் வலி, வியர்வை, மயக்கம் வந்தால் "வாயு" என்று கஷாயம் வைத்துக் கொண்டு இருக்காதீர்கள். உடனே ஆம்புலன்சைக் கூப்பிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்தத் தாளையும் எடுத்துக் கொண்டு போங்கள்.