ராணி பெயரில் ஒரு பொதுமேடை

சென்னை சென்ட்ரலில் இறங்கினால், அருகிலேயே சிவப்புச் செங்கலில் நிற்கும் விக்டோரியா பொது மண்டபத்தைப் பார்க்கலாம். கட்டடக் கலைஞர் சிஷோம் வரைந்து, நம்பெருமாள் செட்டியார் கட்டிய நகர மண்டபம். வெள்ளைக்கார ராணியின் பெயர் தாங்கிய கட்டடத்தை நாம் ஏன் காக்க வேண்டும் என்று கேட்பது நியாயமே. ஆனால் பெயர்தான் அவருடையது, மேடை நம்மவர்களுடையது. பிரமுகர்களின் நன்கொடையில் எழுந்த இந்த மண்டபத்தில்தான் 1897-இல் விவேகானந்தர் பேசினார். சென்னையின் ஆரம்பகாலச் சலனப்படங்களும் இங்கே ஓடின. இவற்றைவிடப் பெரிய சான்று, பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் தொடங்கிய சுகுண விலாச சபை என்ற நாடகக் குழு. கூத்தாடுவதை இழிவாக நினைத்த காலத்தில், அந்தச் சபையின் படித்த வக்கீல்கள் இந்த மேடையில்தான் தமிழ் நாடகங்களுக்கு வேடம் கட்டினார்கள்.