சோதிப்போரும் சோதிக்கப்படுவோரும்

வேலியே பயிரை மேய்தல் என்பது உழவுத்தொழிலிற் பிறந்த பழமொழி. பயிரை மாடு மேய்ந்தால் உழவன் மாட்டைத் துரத்துவான், வேலியைச் செப்பனிடுவான். வேலியே மேயத் தொடங்கின் அவன் செய்யக்கூடியது யாது? வேலியை நம்பியன்றோ அவன் இரவிற் கண்ணயர்கின்றான்! காவலுக்கு நிறுத்தப்பட்டதொன்று களவு செய்யுங்கால் இழக்கப்படுவது விளைபொருள் மட்டுமன்று. உழவனது உறக்கமும் உடன் இழக்கப்படுகின்றது. இப்பழமொழியின் பொருளை இக்காலத்தில் நன்கு விளக்கிக் காட்டும் இடங்களுள் ஒன்று விமானநிலையத்துச் சோதனைச் சாவடியாகும்.

அச்சாவடியை அடைந்த பிரயாணி செய்வதைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். அவன் தன் பணப்பையையும் கைக்கடிகாரத்தையும் ஒரு தட்டில் இட்டு, முன்பின் அறியாத ஒருவரிடம் ஒப்படைக்கின்றான். தன் உடலைத் தடவிப் பார்க்கவும் இடங்கொடுக்கின்றான். விமானத்தின் அடித்தளத்தில் ஏற்றப்படும் பெரிய பெட்டியோ அவன் கண்ணுக்கெட்டாத ஓர் அறைக்குச் செல்கின்றது. அங்கே அது திறக்கப்பட்டதா, திறந்தவர் யாவர், எடுத்தவை யாவும் மீள வைக்கப்பட்டனவா என்பவற்றை அவன் காண்பதற்கில்லை. எனவே பிரயாணி இழப்பவற்றுள் முதன்மையானது தன் உடைமையைத் தானே பார்த்துக்கொள்ளும் உரிமையாகும். அவ்வுரிமையை அவன் விரும்பிக் கொடுப்பது ஒரு நம்பிக்கையின் பேரிலேயே. தான் பாராத இடத்திலும் நீதி தவறாது என்பதே அந்நம்பிக்கை.

இச்சோதனை முறை பெரிதும் வளர்ந்த நாடு ஐக்கிய அமெரிக்கா. ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபதுகளின் இறுதியில் அந்நாட்டு விமானங்கள் அடிக்கடி கடத்தப்பட்டமையால், 1973ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் பிரயாணிகள் அனைவரையும் அவர்தம் கைப்பொதிகளையும் சோதித்தல் கட்டாயமாக்கப்பட்டது. அப்பொறுப்பு விமானக் கம்பனிகளைச் சார்ந்தது. அவை அதனைக் குறைந்த கூலிக்கு ஆள் அமர்த்தும் ஒப்பந்த நிறுவனங்களிடம் விட்டன. விளைவு எதிர்பார்க்கத்தக்கதே. 1998-99 காலப்பகுதியிற் பெரிய விமானநிலையங்கள் 19இல், ஓராண்டிற் பணியை விட்டு நீங்கியோர் தொகை சராசரியாக நூற்றுக்கு 126 வீதமாயிருந்தது. அஃதாவது, ஓராண்டில் நீங்கியோர் தொகை சாவடிகளிலிருந்த பணியிடங்களின் தொகையையே விஞ்சியது. பிலடெல்பியா விமானநிலையத்திற் சோதனைப் பணியை நடத்திய ஒரு நிறுவனம், உரிய பயிற்சியும் பின்னணி விசாரணையுமின்றி ஆட்களை அமர்த்தியதை 2000ஆம் ஆண்டில் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு தண்டம் இறுத்தது.

2001ஆம் ஆண்டு செப்டெம்பர் 11ஆந் திகதிப் பேரழிவின் பின்னர் இந்நிலை மாறியது. அவ்வாண்டு நவம்பர் மாதத்திற் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகம் என்னும் மத்திய அரசாங்கத் திணைக்களம் சட்டத்தின்வழி அமைக்கப்பட்டது. சோதனையாளர் அரசாங்க ஊழியராயினர். சீருடையும் சின்னமும் பெற்றனர். அடுத்த ஆண்டு முடிவிற்குள் விமானத்தில் ஏற்றப்படும் பெட்டிகளையும் வெடிபொருட்காகச் சோதிக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. பூட்டிய பெட்டிகளை உடையாது திறத்தற்கென, ஊழியரிடமுள்ள முதன்மைத் திறவுகோலால் திறக்கக்கூடிய விசேட பூட்டுகளும் விற்பனைக்கு வந்தன. பெட்டியைத் திறந்து பார்த்தவர் அதனுள்ளே ஓர் அச்சிட்ட அறிவித்தலை வைத்துச் செல்லும் வழக்கமும் ஏற்பட்டது. கூலி உயர்ந்து சீருடையும் வந்தமையால் ஒழுக்கமும் தானே வந்துவிடும் எனப் பலர் எண்ணினர்.

அவ்வெண்ணம் ஓரளவிற்கே மெய்யாயிற்று. 2003ஆம் ஆண்டு தொடக்கம் 2012ஆம் ஆண்டு வரை களவிற்காகப் பணிநீக்கம் செய்யப்பட்ட சோதனையாளர் 381 பேர். நியூயோர்க் நகரை அடுத்துள்ள நியூவார்க் விமானநிலையத்தில் ஓர் ஊழியர் ஆண்டுக்கணக்காகப் பிரயாணிகளின் பெட்டிகளிலிருந்து விலையுயர்ந்த கமராக்களையும் பிற கருவிகளையும் கவர்ந்து, இணையவழி ஏலத்தில் விற்று, 2008ஆம் ஆண்டிற் பிடிபட்டார். களவாடியவற்றின் பெறுமதி எட்டு இலட்சம் டொலர் வரையிலிருக்கும் என அவரே பின்னாளிற் கூறினார். முதன்மைத் திறவுகோல்களின் கதையும் இத்தகையதே. அவற்றின் ஒளிப்படம் 2014ஆம் ஆண்டில் ஒரு பத்திரிகையில் வெளியாயிற்று. மறு ஆண்டு அப்படத்தைக் கொண்டே எவரும் அவற்றை வார்த்தெடுக்கத்தக்க மாதிரிகள் உலகெங்கும் பரவின. காவலர்க்கெனச் செய்த திறவுகோல் கள்வர்க்கும் எளிதாயிற்று.

இனி, ஊழியர் தவறு என்பது ஒரே தன்மைத்தன்று. மேற்கூறிய களவு முதலாவது வகை. அதனினும் கொடியது இலஞ்சம். 2012ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் விமானநிலையத்தில் பணியாற்றியவரும் முன்பு பணியாற்றியவருமாகிய சோதனையாளர் நால்வர், கைக்கூலி பெற்றுப் போதைப்பொருட் பொதிகளைக் கண்டுங் காணாதார்போலச் செல்லவிட்டனர் என்ற குற்றச்சாட்டிற் கைது செய்யப்பட்டனர். பொதியினுள் இருப்பது இன்னதென்பதை ஆராயாது பணத்திற்கு வழிவிடுபவன், போதைப்பொருளுக்குத் திறந்த வாயிலை வெடிகுண்டிற்கும் திறந்தவனாகின்றான். களவு ஒரு பிரயாணியின் பொருளைக் கெடுக்கும்; இலஞ்சமோ விமானத்திலுள்ளோர் அனைவரின் உயிரையும் விலைபேசும்.

மூன்றாவது வகை அசட்டை. ஹொனொலூலு விமானநிலையத்திற் பெட்டிகளை முறைப்படி சோதியாமலே ஏற்றவிட்டமைக்காக 2011ஆம் ஆண்டில் மேற்பார்வையாளர் உட்பட 36 பேரைப் பணிநீக்க நிருவாகம் முன்வந்தது. இங்கே எவரும் எதனையும் திருடவில்லை. வேலைச்சுமைக்கு அஞ்சிச் செய்யாததைச் செய்ததாகக் காட்டினர். ஆயினும் சோதிக்கப்படாத பெட்டியிற் சோதிக்கப்பட்டதற்குரிய அடையாளம் ஒட்டப்படுமாயின், அது சோதனையே இல்லாமையினுங் கேடானது. சோதனை இல்லையெனின் மக்கள் விழிப்பாயிருப்பர். பொய்ச்சோதனையோ விழிப்பையும் மாய்த்துவிடும்.

நான்காவது வகை இவை மூன்றினும் வேறானது, குற்றமற்றவனைக் குற்றவாளியாக்குவது. இதற்குச் சான்று பிலிப்பைன் தீவுகளின் தலைநகராகிய மணிலா. அங்கே 2015ஆம் ஆண்டின் பிற்பகுதியில், சோதனைச் சாவடியிற் பிரயாணிகளின் பொதிகளினுள் துப்பாக்கி ரவையொன்றை இரகசியமாக இட்டு, பின்னர் அதனைக் ‘கண்டெடுத்து’, வழக்கிற்கு அஞ்சுவோரிடம் பணம் பறிக்கின்றனர் என்ற முறைப்பாடு எழுந்தது. அந்நாட்டின் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமமின்றி ரவை வைத்திருத்தல் நெடுஞ்சிறைக்குரிய குற்றம். ஹொங்கொங்கில் நெடுங்காலம் வீட்டுப்பணி புரிந்து வந்த ஒரு பெண்மணி இவ்வாறு ஒரு ரவையின் பொருட்டுத் தடுத்துவைக்கப்பட்டுத் தம் விமானத்தைத் தவறவிட்டார் என்னும் செய்தி நாடெங்குங் கொதிப்பை மூட்டியது. கடல்கடந்து உழைத்து வீட்டிற்குப் பணம் அனுப்புவோரே இதனால் மிகவும் அஞ்சினர். உரிய நாளில் வேலைக்குத் திரும்பாவிடின் அவர்தம் பிழைப்பே போய்விடும். மக்கள் தம் பொதிகளைப் பிளாஸ்திக் தாளினாற் பலமுறை சுற்றிக் கட்டிக்கொண்டு விமானநிலையத்துக்கு வரலாயினர். கள்வனுக்கு அஞ்சியன்று, காவலனுக்கு அஞ்சிக் கட்டிய கட்டு அது.

இந்நிகழ்ச்சியில் ஆழ்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அந்நாட்டிற் சிலர் ரவையைத் தாயத்தாகத் தாமே எடுத்துச் செல்வதும் உண்டு என அதிகாரிகள் கூறினர், அது பொய்யன்று. தேசியப் புலன்விசாரணைப் பணியகம் சில உத்தியோகத்தர்மீது வழக்குத் தொடருமாறு அவ்வாண்டு முடியுமுன் பரிந்துரைத்ததும் மெய்யே. ஆனால் ஒருவர் பொதியில் ரவை காணப்பட்டபோது அது அவரே கொணர்ந்ததா, இடப்பட்டதா என மக்களால் பிரித்தறிய இயலவில்லை. நேர்மையான சோதனையாளன் உண்மையாகவே கண்டெடுத்ததும் நம்பப்படவில்லை. நம்பிக்கை அழிவின் இயல்பு இதுவே. சிலர் செய்த தவறு பலர் கூறும் மெய்யையும் பொய்யாக்கிவிடுகின்றது.

இத்தவறுகளுக்குக் காரணம் தனிமனிதரின் பேராசை மட்டுமே எனக் கூறி அமைதல் பொருந்தாது. சாவடியின் அமைப்பே தவற்றிற்கு வாய்ப்பளிக்கின்றது. பிரயாணிக்கு நேரமில்லை, விமானம் காத்திராது. பொருள் காணாமற்போனதை அவன் உணர்வது பெரும்பாலும் ஆயிரம் மைலுக்கு அப்பால், பெட்டியைத் திறக்கும்போதே. அப்பெட்டி எத்தனையோ பேர் கைகளினூடாக வந்ததாகலின் யாரைக் குறை கூறுவதென்பதும் விளங்காது. சட்டம் மிகக் கடுமையாயிருப்பின் அக்கடுமையே தீயவன் கையில் ஆயுதமாகின்றது. மணிலாவில் 2016ஆம் ஆண்டிற் புதிய அரசாங்கம் வந்தபின், ரவையைக் கைப்பற்றிக்கொண்டு பிரயாணியைச் செல்லவிடும் முறை கைக்கொள்ளப்பட்டது. அச்சுறுத்துதற்குரிய கருவி நீங்கவே பறித்தற்குரிய வழியும் குறுகியது.

எனின், பரிகாரம் யாது? பிரயாணியின் பார்வையைப் பெற்றுக்கொண்ட அரசாங்கம், அதற்கு ஈடாக வேறொரு பார்வையைக் கொடுத்தல் வேண்டும். எவரும் காணாத இடம் என்று ஒன்று சாவடியில் இருத்தலாகாது. 2023ஆம் ஆண்டில் மயாமி விமானநிலையத்தில் ஊழியர் சிலர் பிரயாணிகளின் பொதிகளிலிருந்து பணம் எடுத்ததைக் காட்டிக்கொடுத்தது அங்கிருந்த கமராவே. அதே ஆண்டு மணிலாவிலும் ஒரு சோதனையாளர் பிரயாணியிடமிருந்து எடுத்த டொலர் நோட்டுகளை வாயிலிட்டு விழுங்க முயன்றதைக் கமரா பதிவுசெய்தது.

கமராவுக்கு அடுத்தது மறைமுகச் சோதனை. இது புதியதன்று. கௌடலியர் தம் அர்த்தசாத்திரத்தில், அமைச்சராகக் கொள்ளப்படுவோரை அறத்தாலும் பொருளாலும் இன்பத்தாலும் அச்சத்தாலும் அவர் அறியாவண்ணம் சோதித்தறிதலை உபதை எனக் கூறினார். உத்தியோகத்தர் அரசபொருளைக் கவரும் வழிகள் நாற்பது என எண்ணியுங் காட்டினார். அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பரிசோதகர் தலைமையகம் செய்ததும் இதனை ஒத்ததே. போலி வெடிபொருளும் ஆயுதமும் கொண்டு பிரயாணிபோற் சென்றவர்கள் 70 முறை முயன்றதில் 67 முறை பிடிபடவில்லை என்னும் செய்தி 2015ஆம் ஆண்டில் வெளியானது. அது நிருவாகத்துக்கு நாணந் தருவதாயினும், அவ்வாறு சோதித்திராவிடின் குறை பகைவனால் மட்டுமே அறியப்பட்டிருக்கும்.

மூன்றாவது, கணக்கை மறையாமை. அமெரிக்கப் பாராளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில், 2010 முதல் 2012 வரையான மூன்று நிதியாண்டுகளில் ஊழியர் தவறுகள் தொடர்பாக ஏறக்குறைய 9,600 விசாரணைகள் நிகழ்ந்தன என்றும், இக்காலத்தில் அவை நூற்றுக்கு 26 வீதம் பெருகின என்றும் காட்டியது. அவற்றுள் மிகப் பெரிய தனிவகை வரவொழுங்கு, விடுமுறை ஆகியவை பற்றியதே. எனினும் எல்லா விசாரணைகளின் முடிவும் முறையாகப் பதியப்படவில்லை என்பதை அவ்வலுவலகம் சுட்டிக்காட்டித் திருத்தங் கூறியது. நான்காவது, முறையிடுதற்குரிய வழி. சோதனையாளர் வேண்டுமென்றே இழைத்த தீங்கிற்குப் பிரயாணி அரசாங்கத்தின்மீது வழக்கிடலாம் எனப் பிலடெல்பியாவில் அமர்ந்த மத்திய மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று 2019ஆம் ஆண்டிற் பெரும்பான்மையினராற் தீர்ப்பளித்தது.

இவ்வளவுங் கூறியபின், நேர்மையான ஊழியருக்குரிய நியாயத்தையும் கூறாதொழிதல் தகாது. ஏறக்குறைய பத்தாண்டிற் களவிற்காக நீக்கப்பட்ட 381 பேரும் பல்லாயிரக்கணக்கான ஊழியருள் ஒரு சிறு பகுதியினரே. 2012ஆம் ஆண்டில் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் பத்து விமானநிலையங்களின் சாவடிகளிற் கைக்கணினிகளை மறந்துவிட்டாற்போல விட்டுச் சென்றது. ஒன்பது இடங்களில் அவை உரியவரைச் சேர்ந்தன. பத்தாவது ஓர் ஊழியரின் வீட்டிற் காணப்பட்டது. உலகம் பேசியது அப்பத்தாவதைப் பற்றியே. பிரயாணிகள் தட்டுகளில் மறந்துவிட்டுச் சென்று உரிமை கோராத சில்லறைக் காசு 2018ஆம் நிதியாண்டில் மட்டும் ஒன்பது இலட்சத்து அறுபதினாயிரம் டொலராகும். அத்தனை சில்லறையையும் பொறுக்கியெடுத்துக் கணக்கில் வைத்தவர்களும் சோதனையாளரே. அவர்களுக்கு ஏனைய அரசாங்க ஊழியருக்கு இணையான சம்பளத் திட்டம் கிடைத்தது 2023ஆம் ஆண்டிலேதான். பெரும்பொறுப்பைச் சுமத்திச் சிறுகூலி கொடுக்கும் நாடு, அவ்வூழியரின் நேர்மையை இலவசமாகப் பெற எண்ணுகின்றது எனலாம்.

ஆகவே, மேற்பார்வையைக் கடுமையாக்குதல் நல்ல ஊழியனை அவமதித்தலாகாது, அவனைக் காத்தலாகும். கமராவும் மறைமுகச் சோதனையும் வெளிப்படையான கணக்கும் உள்ள இடத்தில், “நான் எடுத்திலேன்” என்னும் அவன் சொல்லுக்குச் சான்றுண்டு. அவை இல்லாத இடத்தில் அவனும் கள்வனும் ஒரே சீருடையில் ஒரே ஐயத்துக்கு ஆளாவர். தவற்றை மூடிமறைத்துத் திணைக்களத்தின் பெயரைக் காக்க முயல்வோர் உண்மையிற் காப்பது தவறு செய்தவனையே. கைவிடுவது மற்றை அனைவரையும்.

உழவன் வேலியை நம்புகின்றான். எனினும் விடியலில் ஒருமுறை வரப்பிற் சுற்றி வருகின்றான். அவன் சுற்றி வருவது வேலியின்மேற் கொண்ட வெறுப்பினாலன்று. மறுநாள் இரவும் அதனை நம்பி உறங்குதற் பொருட்டே. மக்களின் உடைமையையும் உயிரையும் பொறுப்பேற்கும் எந்நிறுவனத்துக்கும் இவ்வுண்மை பொருந்தும். ஆராயப்படாத நம்பிக்கை அதிர்ஷ்டத்தைச் சார்ந்து நிற்கும். நாடோறும் ஆராய்ந்து புதுக்கப்படும் நம்பிக்கையே நிலைத்து நிற்கும்.