உங்கள் போனுக்குள் ஓயாமல் ஒலிக்கும் தண்டோரா!

போனை ஆன் செய்து லாக்கை எடுத்ததும், உள்ளுக்குள்ளே ஓர் அறிவிப்பு கிளம்புவது தெரியுமா? "பூட் முடிந்தது!" என்று ஆண்ட்ராய்டு தண்டோரா போடும். கேட்பதற்குப் பெயர் கொடுத்து வைத்த ஆப்கள் எல்லாம் எழுந்துகொள்ளும். அலாரம் ஆப்புக்குத்தான் அவசரம் அதிகம். போன் அணைந்தால் சிஸ்டத்தில் பதிந்திருந்த அலாரங்கள் அழிந்துவிடும். இந்த அறிவிப்பைக் கேட்டுத்தான் நாளைக் காலை 5 மணி அலாரத்தை அது மறுபடி பதிந்து வைக்கிறது. இல்லையென்றால் ரயில் போயே போச்சு!

எஸ்எம்எஸ் கதை இன்னும் விபரீதம். ஒரு காலத்தில், செய்தி வந்திருக்கிறது என்ற அறிவிப்பு ஆப்களுக்கு வரிசையாகத்தான் போகும். முன்னுரிமை எண் பெரிதாக உள்ளவருக்கு முதல் பந்தி. அவர் "இத்தோடு நிறுத்து" என்று சொல்லிவிட்டால், பின்னால் நிற்கும் யாருக்கும் கிடையாது, இன்பாக்ஸ் உட்பட! திருட்டு ஆப்கள் விடுமா? வங்கியின் ஓடிபியைப் படித்துவிட்டு அமுக்கிவிடும். அப்படி ஒன்று வந்த சுவடே உங்களுக்குத் தெரியாது. 2013இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4தான் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. நீங்கள் தேர்ந்தெடுத்த ஒரே ஒரு ஆப் செய்தியை வாங்கி வைக்கும். அனுமதி பெற்ற மற்ற ஆப்கள் காது கொடுக்கலாம், வழிமறிக்க முடியாது.

வைஃபை அறுந்தால்கூட ஓர் அறிவிப்பு உண்டு. பஸ்ஸில் போகும்போது சிக்னல் வந்து வந்து போகும் அல்லவா? ஒவ்வொரு தடவையும் ஆப்கள் கூட்டமாக விழித்தெழுந்தால் பேட்டரி என்னாவது! கூவுகிறவருக்குச் செலவே இல்லை, கேட்பவர்களுக்குத்தான் செலவு. அதனால் 2016இல் ஆண்ட்ராய்டு 7 இந்த அறிவிப்புக்குக் கடிவாளம் போட்டது. அடுத்த ஆண்டே ஆண்ட்ராய்டு 8, பெரும்பாலான பொது அறிவிப்புகளுக்காகத் தூங்கும் ஆப்களை எழுப்பக் கூடாது என்றது.

தண்டோரா போனில் மட்டுமல்ல, கம்ப்யூட்டரிலும் உண்டு. விண்டோஸில் எக்ஸ்ப்ளோரர் படுத்து எழுந்ததும், கடிகாரத்துக்குப் பக்கத்துக் குட்டி ஐகான்கள் மறுபடி முளைப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? டாஸ்க்பார் புதிதாக வந்துவிட்டது என்று எல்லா விண்டோக்களுக்கும் தகவல் போகிறது, அதுதான் ரகசியம். ஏதாவது ஓர் ஐகான் திரும்பி வரவில்லையா? அந்த ஆப்பை எழுதியவர் காதைத் தீட்டி வைக்கவில்லை! இன்னொரு வேடிக்கை: எல்லோருக்கும் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும்போது ஒரே ஒரு விண்டோ தொங்கிப்போனால், சொன்ன ஆப்பும் கூடவே தொங்கும்.

லினக்ஸ் லேப்டாப் தூங்கப் போகுமுன் டி-பஸ் என்ற, ஆப்களுக்கு இடையிலான செய்தித் தடம் வழியாக எச்சரிக்கை தருகிறது. "கொஞ்சம் பொறு" என்று முன்கூட்டியே சொல்லி வைத்த ஆப்களுக்கு வழக்கமான அவகாசம் 5 விநாடி! அதற்குள் திரையைப் பூட்டுவதோ வேறு வேலையோ முடிந்தாக வேண்டும்.

அதே லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ப்ரோகிராமுக்கும், அதாவது ப்ராசஸுக்கும், ஓர் எண் உண்டு. அந்த எண்ணுக்குப் பதில் -1 என்று போட்டு சிக்னல் அனுப்பிப் பாருங்கள் (வேண்டாம், பார்க்காதீர்கள்!). அனுப்பியவருக்கு உரிமையுள்ள அத்தனை ப்ராசஸுக்கும் அது போய்ச் சேரும். மெஷினை அணைக்கும்போது முதலில் 15ஆம் சிக்னல், "மூட்டையைக் கட்டு" என்று. அசையாதவற்றுக்கு 9ஆம் சிக்னல். அதை எந்த ஆப்பும் தடுக்க முடியாது. ஆனால் அந்த -1, 1ஆம் எண் ப்ராசஸை மட்டும் தொடாது. அது செத்தால் லினக்ஸின் மையமான கெர்னலே பேனிக் ஆகி மொத்த மெஷினும் நின்றுவிடும்!