12 கவுன்சிலர்கள்... நான்கே வருடங்களில் ஜீரோ! - லண்டனில் ஓர் உள்ளாட்சித் தேர்தல் கதை

2006 மே 4, வியாழக்கிழமை. கிழக்கு லண்டனில் நடந்த ஓர் உள்ளாட்சித் தேர்தலின் முடிவு பிரிட்டன் முழுக்கப் பேசப்பட்டது. வெள்ளையர் அல்லாதவர்களை உறுப்பினராகக்கூடச் சேர்க்காத பிரிட்டிஷ் தேசியக் கட்சி, அதாவது பி.என்.பி, அங்கே நிறுத்தியது 13 வேட்பாளர்களைத்தான். அதில் 12 பேர் ஜெயித்துவிட்டார்கள். ஒரே நாளில் அந்த கவுன்சிலின் முக்கிய எதிர்க்கட்சியாக உட்கார்ந்தது பி.என்.பி.

அந்த ஊரின் பெயர் பார்க்கிங் அண்ட் டேகன்ஹாம். வண்டி நிறுத்துகிற பார்க்கிங் இல்லை, ஊர்ப் பெயரே அதுதான். சரியாக நான்கு வருடம் கழித்து அடுத்த தேர்தல் வந்தது. அதில் அந்தக் கட்சிக்குக் கிடைத்த இடங்கள், பூஜ்யம்.

இடையில் என்னதான் நடந்தது?

ஒரு வார்டு, மூன்று கவுன்சிலர்கள்

லண்டனில் 32 'பரோ'க்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட நம் ஊர் நகராட்சி மாதிரி. குப்பை அள்ளுவது, நூலகம், பள்ளிகள், முதியோர் பராமரிப்பு, அரசு வாடகை வீடுகள் என்று தினசரி வாழ்க்கையைத் தொடும் வேலைகள் எல்லாம் பரோ கவுன்சிலின் பொறுப்பு. நான்கு வருடங்களுக்கு ஒருமுறை, மே மாத வியாழக்கிழமை ஒன்றில், எல்லா இடங்களுக்கும் சேர்த்துத் தேர்தல் நடக்கும்.

அப்போது பார்க்கிங் அண்ட் டேகன்ஹாமில் 17 வார்டுகள். வார்டுக்கு மூன்று பேர் வீதம் 51 கவுன்சிலர்கள். வாக்காளர் ஒரே சீட்டில் மூன்று பேர் வரை பெருக்கல் குறி போடலாம். ஓட்டு இயந்திரமெல்லாம் கிடையாது. காகிதமும் பென்சிலும்தான்.

கார் தொழிற்சாலையும் காலியான வரிசையும்

இந்த ஊர் உழைப்பாளிகளின் ஊர். முதல் உலகப் போர் முடிந்ததும், லண்டனின் நெரிசலான குடியிருப்புகளில் இருந்தவர்களுக்காக பெகன்ட்ரீ என்ற பிரமாண்ட குடியிருப்பு இங்கே எழுந்தது. 1921-ல் தொடங்கி 1935 வரை நடந்த வேலை அது. வீட்டுக்குள்ளேயே கழிப்பறை, முன்னால் சின்னத் தோட்டம் என்று 25,000-க்கும் அதிகமான வீடுகள். வாடகை வாங்கியது அரசு.

1931-ல் ஃபோர்டு கார் தொழிற்சாலை வந்தது. 1950-களில் சுமார் 40,000 பேர் அங்கே வேலை பார்த்தார்கள். 1968-ல் அங்கே கார் சீட் உறை தைத்த பெண்கள் செய்த வேலைநிறுத்தம்தான், 1970-ல் சம ஊதியச் சட்டம் வரக் காரணமாக இருந்தது.

பிறகு எல்லாம் மாறியது. 1980-ல் வந்த ஒரு சட்டம், அரசு வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் அதைத் தள்ளுபடி விலையில் வாங்கிக்கொள்ளலாம் என்றது. பலரும் வாங்கினார்கள். விற்ற வீடுகளுக்குப் பதிலாகப் புதிய வீடுகள் போதுமான அளவு கட்டப்படவில்லை. கல்யாணமான மகனுக்கும் மகளுக்கும் அதே ஊரில் வீடு கேட்டவர்கள் காத்திருப்புப் பட்டியலில் வருடக்கணக்கில் நின்றார்கள். 2002-ல் ஃபோர்டு அங்கே கார் தயாரிப்பதையே நிறுத்தியது. இன்ஜின் தயாரிப்பு தொடர்ந்தது.

அதே நேரத்தில், லண்டனிலேயே வீட்டு விலை குறைவான இடம் என்பதால் வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பங்களும் அங்கே குடியேறின. 2001 கணக்கெடுப்பில் சுமார் 81 சதவிகிதமாக இருந்த வெள்ளை பிரிட்டிஷ் மக்கள், 2011-ல் 50 சதவிகிதத்துக்குச் சற்றுக் கீழே வந்துவிட்டார்கள். பத்தே வருடங்களில்!

ஒரு பொய், ஒரு துண்டுப் பிரசுரம்

'என் பிள்ளைக்கு ஏன் வீடு இல்லை?' என்ற கேள்வி நியாயமானது. பதில் நாடாளுமன்றம் போட்ட சட்டத்திலும், கட்டப்படாத வீடுகளிலும் இருந்தது. பி.என்.பி. கைகாட்டியது பக்கத்து வீட்டுக்காரரை. இங்கே வீடு வாங்க ஆப்பிரிக்கக் குடும்பங்களுக்கு 50,000 பவுண்டு ரகசியமாகக் கொடுக்கிறார்கள் என்று துண்டுப் பிரசுரம் விநியோகித்தது. அப்படி ஒரு திட்டமே இல்லை. ஆனாலும் வதந்தி வீடு வீடாகப் போனது.

பார்க்கிங் எம்.பி. மார்கரெட் ஹாட்ஜ், தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு, தான் சந்திக்கும் வெள்ளைக் குடும்பங்களில் பத்துக்கு எட்டு பி.என்.பி-க்கு ஓட்டுப் போட நினைப்பதாகச் சொல்கின்றன என்றார். அந்தப் பேச்சே பி.என்.பி-க்கு விளம்பரமாகிவிட்டது என்று சொந்தக் கட்சிக்காரர்களே கோபப்பட்டார்கள். இத்தனைக்கும் அந்தத் தேர்தலில் பதிவான வாக்குகள் 40 சதவிகிதத்தைக்கூடத் தொடவில்லை.

கதவைத் தட்டியவர்கள்

பல வருடங்களாக அந்த கவுன்சிலைக் கையில் வைத்திருந்த லேபர் கட்சி விழித்துக்கொண்டது. பழைய முகங்கள் பலரை மாற்றிப் புது வேட்பாளர்களை இறக்கியது. ஹாட்ஜ் தெருத்தெருவாகப் போனார். காபி குடிக்க வாருங்கள் என்று மக்களை அழைத்து, உடைந்த நடைபாதை முதல் வீட்டுப் பிரச்னை வரை குறை கேட்டார். 'ஹோப் நாட் ஹேட்' என்ற இனவெறி எதிர்ப்பு அமைப்பின் தொண்டர்கள் நூற்றுக்கணக்கில் வந்து நோட்டீஸ் கொடுத்தார்கள்.

2010 மே 6. உள்ளாட்சிக்கும் நாடாளுமன்றத்துக்கும் ஒரே நாளில் தேர்தல். பி.என்.பி. தலைவர் நிக் கிரிஃபினே பார்க்கிங் தொகுதியில் எம்.பி. தேர்தலுக்கு நின்றார். மூன்றாவது இடம்தான் கிடைத்தது. ஹாட்ஜ் 16,555 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். கவுன்சிலில் 51 இடங்களையும் லேபர் அள்ளியது.

கணக்கைக் கொஞ்சம் கவனியுங்கள்!

பி.என்.பி-க்கு ஓட்டுப் போட்டவர்கள் மனம் மாறிவிட்டார்கள் என்றுதான் தோன்றும். ஆனால், பார்க்கிங் நாடாளுமன்றத் தொகுதியில் 2005-ல் அந்தக் கட்சி வாங்கியது 4,916 ஓட்டுகள். 2010-ல் 6,620. கூடியிருக்கிறதே தவிர, குறையவில்லை!

தொகுதி எல்லை கொஞ்சம் மாறியிருந்தது உண்மைதான். ஆனால் பெரிய வித்தியாசம் வாக்குப்பதிவில் இருந்தது. 2005-ல் சுமார் 50 சதவிகிதம், 2010-ல் 61 சதவிகிதம். பி.என்.பி-யின் ஓட்டுகள் கூடியும், அதன் பங்கு 16.9 சதவிகிதத்திலிருந்து 14.6 சதவிகிதமாக இறங்கியது. முன்பு வீட்டிலேயே இருந்தவர்கள் இந்தமுறை வாக்குச்சாவடிக்கு வந்தார்கள். முடிவை மாற்றியதில் பெரும் பங்கு அவர்களுடையது.

வந்தவர்களில் புதிதாகக் குடியேறியவர்களும் உண்டு. பிரிட்டனில் சட்டப்படி வசிக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள், பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாவிட்டாலும் இந்தத் தேர்தல்களில் ஓட்டுப் போடலாம். இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கும், படிக்கப் போயிருக்கும் மாணவர்களுக்கும் இது பொருந்தும். 18 வயது நிரம்பி, வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிந்திருந்தால் போதும். லண்டனில் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இருந்தால், பதிந்தாயிற்றா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். 2023 முதல் இங்கிலாந்தில் வாக்குச்சாவடிக்குப் புகைப்பட அடையாள அட்டையும் கொண்டுபோக வேண்டும்.

2014, 2018, 2022 என அடுத்த மூன்று தேர்தல்களிலும் அங்கே 51-க்கு 51 லேபர்தான். கவுன்சில் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்க, அந்தத் தேர்தல்களில் வென்ற எதிர்க்கட்சிக்காரர் ஒருவர்கூட இருக்கவில்லை. வீட்டுக்காகக் காத்திருந்தவர்களின் கோபத்தை ஆளுங்கட்சி கேட்காமல் விட்டதால்தானே 2006 வந்தது? எதிரில் ஆளே இல்லாத சபையில் அந்தக் குரல் கேட்கவேண்டுமென்றால், தேர்தல் இல்லாத வருடங்களிலும் கவுன்சிலர்கள் கதவைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.