மூச்சும் கருவியும்



இறைவன் தந்த கொடைகளுள் நாம் எண்ணிப் பாராமலே பெற்றுக்கொள்வது மூச்சு. ஒவ்வொரு மூச்சிலும் ஏறத்தாழ அரை லிட்டர் காற்று உள்ளே சென்று, நுரையீரலிலுள்ள கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகளை விரிக்கின்றது. அவற்றின் சுவர் தாளினும் மெல்லியது.

2021 மே மாதம் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000க்கும் மேற்பட்டோருக்குக் கொரோனா உறுதியானது. அந்நாட்களில் 'வென்டிலேட்டர்' என்ற சொல் நம் அஞ்செட்டி மலைக் கிராமங்களிலும் பேசப்பட்டது. "அந்தக் கருவியை வைத்தால் பிழைப்பது அரிது" என்று அஞ்சியோர் உண்டு. அவ்வச்சம் சரிதானா?

கடுமையான நிமோனியாவில் பல காற்றறைகள் நீர் கோத்து மூடிக்கொள்கின்றன. வளர்ந்தவரின் நுரையீரலிலும் காற்றேற்கும் பகுதி ஒரு குழந்தையின் நுரையீரல் அளவே எஞ்சும். இத்தாலிய மருத்துவர் காட்டினோனி இதனைக் 'குழந்தை நுரையீரல்' என்றே அழைத்தார். பெரியவருக்குரிய காற்று முழுவதையும் கருவி அதனுள் செலுத்தினால், சிறிய பலூனைப் பெரிதாக ஊதியது போல், நல்ல காற்றறைகளும் புண்படும்.

2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று 861 நோயாளிகளைக் கொண்டு இதனைத் தெளிவாக்கிற்று. கிலோவுக்கு 12 மி.லி. வீதம் காற்றுப் பெற்றோரில் 100க்குச் சுமார் 40 பேர் இறந்தனர், 6 மி.லி. பெற்றோரில் 31 பேரே இறந்தனர். இங்கு எடை என்பது உயரத்தைக் கொண்டு கணக்கிடுவது. 150 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ 260 மி.லி. போதும்.

அப்படியானால் குற்றம் கருவியுடையது மட்டுமா? அன்று. திணறும் நோயாளி தாமே பலங்கொண்டு மூச்சை இழுக்கும்போதும் காற்றறைகள் அளவுக்கு மீறி விரிகின்றன. 1988இல் நலமுள்ள செம்மறியாடுகளை மருந்தால் வேகமாக மூச்சிழுக்கச் செய்தபோது அவற்றின் நுரையீரல் பழுதுற்றது. அதே மருந்து பெற்றும், கருவியால் அளவாகச் சுவாசிக்க வைக்கப்பட்ட ஆடுகளுக்கு அத்தீங்கு நேரவில்லை. ஆகவே தக்க வேளையில், தக்க அளவில் தரப்படும் கருவி, களைத்த நுரையீரலுக்கு ஓய்வாகின்றது. நோயாளியைக் குப்புறப் படுக்க வைப்பதும் காற்று சீராகப் பரவ உதவும்.

பெற்றோரே, குழந்தை வேகமாக மூச்சு வாங்கினாலோ, விலா எலும்புகளின் இடையே தசை உள்வாங்கினாலோ, உதடு நீலம் பூத்தாலோ, விடியட்டும் என்று காத்திராதீர்கள். மலைப்பாதை நீண்டது, உடனே 108ஐ அழையுங்கள்.

அளவோடு தருவதே மருந்து. இரவெல்லாம் விழித்திருந்து அந்த அளவைக் காக்கும் செவிலியரையும் மருத்துவரையும் நம் மன்றாட்டில் நினைவுகூர்வோம்.